இடக்கைக்கு ஒரு கிற்றார்

என் அம்மம்மாவிடம் நான் வாங்கிய முதல் அடி இடக்கையிலே விழுந்தது. அப்பொழுது எனக்கு வயது நான்கு. விசயதசமி நாளில் ஏடு தொடக்குவதற்காக என்னைக் கல்லடியிலுள்ள கோயிலொன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தனர். தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியில் 'அ' எழுதுமாறு ஐயர் பணித்தபோது நான் நீட்டியது இடக்கை. ஐயர் சிரித்துவிட்டார், அம்மம்மா சிரிக்கவில்லை. அன்று தொடங்கிய திருத்தம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஏழு வயதளவில் நான் வலக்கையால் எழுதினேன்; வலக்கையால் உண்டேன்; பெரியோரிடம் எதையும் வலக்கையாற் கொடுத்து வலக்கையால் வாங்கினேன். எங்கள் ஊரில் வலக்கைக்குச் சோற்றுக்கை என்று பெயர். இடக்கைக்கு வழங்கும் பெயரை இம்மலரில் எழுதுதல் தகாது.

பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் இடக்கை வழக்கத்தோடு பிறக்கின்றார் என்பர். ஆகவே இதிலே புதுமை எதுவும் இல்லை. திருத்தப்பட்டவர்களுள் நானும் ஒருத்தி. ஆயினும் பிறர் கண்ணிற் படாத வேலைகளிலெல்லாம் இடக்கை தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. விளக்குமாறு பிடிப்பதும், கத்தி பிடிப்பதும், திருவலையிலே தேங்காய் திருவுவதும், பாட்டுக் கேட்கும்போது மேசையிலே தாளம் போடுவதும் அதன் பொறுப்பிலேயே இருந்தன. இந்தப் பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. அது வந்தது, ஒரு கிற்றாரின் உருவத்தில்.

கிற்றார் எனக்குப் புதிய வாத்தியமன்று. மட்டக்களப்பிற் பிறந்தவர்களுக்கு அது அயலாரின் வாத்தியமாகத் தோன்றுவதில்லை. 1628இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கிய போர்த்துக்கேயர், பத்தாண்டு கழித்து 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போய்விட்டது, அவர்களது இசையின் ஒரு துளி பறங்கியர் வீடுகளிலே தங்கிவிட்டது. டச்பார்ப் பகுதியில் அவர்களது கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் சேர்ந்து ஒலிக்க, கபிறிஞ்ஞா ஆடுவதைச் சிறுவயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கின்றேன். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோராற் பரவியபோதும் இவ்வாத்தியமே அதற்குத் துணைநின்றது. பேராதனைக்கு வந்த பின்னரோ, மாலை மங்கியதும் மரத்தடியில் வட்டமாக அமர்ந்து பாடும் நண்பர்களின் நடுவிலே ஒரு கிற்றார் எப்பொழுதும் இருந்தது. பாடத்தெரியாத நான் அதை வாசிக்கவாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்று ஆசைப்பட்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் தோழி தன் கிற்றாரை என் மடியிலே வைத்தாள். நான் என்னையறியாமலே அதனைத் திருப்பிப் பிடித்தேன். கழுத்து வலப்புறம் நீண்டது; நரம்புகளை மீட்ட இடக்கை இறங்கிற்று. முகத்துக்கு அண்மையில் இருக்கவேண்டிய தடித்த நரம்பு கீழேயும், கீழே இருக்கவேண்டிய மெல்லிய நரம்பு மேலேயும் வந்துவிட்டன. கூடியிருந்தோர் சிரித்தனர். அச்சிரிப்பிற் பகையில்லை. எனினும் தாம்பாளத்து அரிசியை அது எனக்கு நினைவூட்டியது. நான் கிற்றாரை நேராகத் திருப்பிக்கொண்டேன்.

முதற் கிற்றார் வாங்க எண்ணுபவர் எவராயினும் முதலில் மூன்று வகைகளை எதிர்கொள்வர். மின்கிற்றார் அவற்றுள் ஒன்று. அதற்கு ஒலிபெருக்கியும் தனியே வேண்டுமாதலின் விடுதி மாணவிக்கு அது உகந்ததன்று. எஞ்சியவை உருக்கு நரம்புக் கிற்றாரும் நைலோன் நரம்புக் கிற்றாரும். பின்னையதைச் சாஸ்திரியக் கிற்றார் என்று அழைப்பர். ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தொரெஸ் (1817–1892) என்னும் தச்சரே இதன் இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியவர். நரம்பின் அதிரும் நீளம் 650 மில்லிமீற்றர் என்பதும் அவர் காலத்திலிருந்து வழக்கில் ஊன்றிய அளவு. அந்நாளிலே ஆட்டுக்குடலை முறுக்கி நரம்பு செய்தனர். 1940களில் நியூயோர்க்கிலே அல்பேட் ஓகஸ்ரின், கிற்றார் மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு நைலோனை இதற்குப் பயன்படுத்திய பின்னரே குடல்நரம்பு மறைந்தது. உருக்கு நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையோடு இழுபட்டு நிற்கும். நைலோன் நரம்புகளின் இழுவிசை ஏறத்தாழ 40 கிலோகிராம் மட்டுமே. புதிதாகப் பழகுபவரின் விரல்நுனி எதனைத் தாங்கும் என்பதை இவ்விரு எண்களே கூறிவிடும். மறுபுறம், உருக்குக் கிற்றாரின் கழுத்து தலைப்பக்கத்தில் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர் அகலம். சாஸ்திரியக் கிற்றாரிலோ 52. சிறிய கை உடையோர்க்கு இந்த அகலம் தொடக்கத்திற் சிரமம் தரும்; ஆயின் நரம்புகள் விலகியிருப்பதால் ஒன்றை அழுத்தும் விரல் மற்றொன்றைத் தீண்டாது.

இவ்வளவும் எல்லோருக்கும் பொது. என் சிக்கல் வேறு. கண்டி நகரில் ஒரு கடையிலே 'இடக்கைக் கிற்றார் உண்டா?' என்று கேட்டேன். கடைக்காரர் அன்பாகவே பதில் சொன்னார். அப்படியொன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்கவேண்டும், மாதங்கள் செல்லும், விலையும் கூடும் என்றார். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியதன் பின்னர், இறக்குமதியாகும் எப்பொருளையும் மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கவே பழகியிருந்தோம். 'எல்லாரும் வலக்கையாலேதான் பழகுகின்றார்கள். நீங்களும் பழகலாம்' என்று அவர் ஆறுதல் கூறினார்.

அவர் கூற்றிலே நியாயம் இல்லாமலில்லை. கிற்றாரில் மெட்டுகளை அழுத்தும் கடினமான வேலை இடக்கைக்கு உரியது. அவ்வாறாயின் இடக்கையர்க்கு அது நன்மையல்லவா? புகழ்பெற்ற மார்க் நொப்ளர் இடக்கையராக இருந்தும் வலக்கையர் முறையிலேயே வாசிப்பவர். ஆனால் எதிர்ச்சான்றுகளும் உள. போல் மக்கார்ட்னி இடக்கையாலேயே மீட்டினார். ஜிமி ஹென்றிக்ஸ் வலக்கையர்க்கான கிற்றாரைத் தலைகீழாக்கி, நரம்புகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அமெரிக்க நாட்டார் இசைக் கலைஞர் எலிசபெத் கொற்றன் நரம்புகளைக்கூட மாற்றவில்லை. தலைகீழாகவே பிடித்து, பிறர் பெருவிரலால் மீட்டும் நரம்புகளை மற்றை விரல்களாலும், பிறர் விரல்களால் மீட்டுவனவற்றைப் பெருவிரலாலும் மீட்டித் தமக்கென ஒரு முறையையே அமைத்துக்கொண்டார். நால்வரும் நால்வழி. இவற்றுள் என் வழி எது என்பதை நூல்கள் சொல்லவில்லை.

அக்காலத்தில் எங்களுக்குச் சிலப்பதிகாரம் பாடமாக இருந்தது. கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழைக் கையிலே வாங்கும் இடத்தை விரிவுரையாளர் விளக்கினார். பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்ற நான்கிலும் பழுதில்லாத யாழ் அது என்கின்றார் இளங்கோவடிகள். அதனைத் தொழுது வாங்கிய மாதவி, பண்ணல் முதலாக எண்வகையால் இசையெழுப்பிப் பார்த்த பின்னரே கோவலன் கையிற் கொடுக்கின்றாள். பரீட்சைக்கு மனனம் செய்த பகுதி, கடைக்குச் செல்லும்போது கைந்நூலாயிற்று. வேனிற்காதையிலே மாதவி யாழ் பிடிக்கும் நிலையையும் படித்தோம். வலக்கை செய்வது இன்னது, இடக்கை செய்வது இன்னது என்று அங்கே தனித்தனியே வகுக்கப்பட்டிருக்கின்றது. இரண்டு கைக்கும் அங்கே மரியாதை உண்டு. ஆனால் எந்தக் கை எந்த வேலைக்கு என்பதிலே மாதவிக்கும் தெரிவு இல்லை.

அடுத்த விடுமுறைக்கு வீடு சென்றபோது அம்மம்மா பாயிற் கிடந்தார். பாரிசவாதம் அவரது வலப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்திருந்தது. பேச்சு சற்றுக் குழறியது. அறிவு தெளிவாகவே இருந்தது. எழுபத்தெட்டு வயதுவரை ஒருவர் கையையும் எதிர்பாராதிருந்த மனிதர், இப்போது ஒரு வாய்ச் சோற்றுக்கு அம்மாவின் கையை எதிர்பார்த்தார். இடக்கை நன்றாக இயங்கிற்று. எனினும் அதனாற் சோற்றைத் தொட அவர் மறுத்துவிட்டார். கரண்டி கொடுத்தோம், அதனையும் இடக்கையிற் பிடிக்கமாட்டேன் என்றார். அம்மா வேலைக்குச் சென்ற பகற்பொழுதுகளில் நான் ஊட்டினேன். ஊட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பசியை விடப் பெரியதொன்று அவரை வருத்திக்கொண்டிருந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நினைவில்லை. நான் இரண்டு தட்டுகளிலே சோறு எடுத்துவந்து, அவருக்கு எதிரே அமர்ந்து, என் தட்டில் இடக்கையை வைத்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அக்கை சோற்றைத் தீண்டியதில்லை. பிசையத் தெரியவில்லை, கவளம் உடைந்து மடியிலே சிந்தியது. அம்மம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்த் தம் இடக்கையைத் தட்டிலே வைத்தார். அவரது சோறும் சிந்தியது. இருவரும் ஒன்றும் பேசாமல் உண்டு முடித்தோம்.

கை கழுவிவிட்டபோது அவர் கேட்டார்:

"நான் உன்ட கையில அடிச்சது நினைவிருக்கா புள்ள?"

"இல்லை அம்மம்மா" என்றேன்.

"பொய் சொல்லாத" என்றார். சற்று நேரத்தின் பின், "கஷ்டமாத்தான் இருந்திருக்கும் என்ன" என்றார்.

அவ்வளவே. மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவரை அவ்வாறு வளர்த்தவர்களும் அவ்வாறே வளர்க்கப்பட்டவர்கள்தாம். ஆனால் ஒரு கையை மற்றொரு கையாக மாற்றுவதற்கு எவ்வளவு விலை கொடுக்கவேண்டும் என்பதை அந்தச் சிந்திய சோற்றிலே நான் கண்டேன். நான்கு வயதிற் கொடுத்தமையால் அதன் அளவை நான் அறியாதிருந்தேன். எழுபத்தெட்டு வயதில் அதனைக் கொடுப்பவரைப் பார்த்தபோது தெரிந்தது. அவருக்கு வேறு வழி இல்லை. எனக்கு, குறைந்தபட்சம் ஒரு வாத்தியத்தின் விடயத்தில், வழி இருந்தது.

அன்று மாலை டச்பாரிலே முதிய பறங்கியர் ஒருவரைச் சந்தித்தேன். தொழிலால் தச்சர், கலியாண வீடுகளில் கிற்றாரும் வயலினும் வாசித்தவர். அவருடைய பழைய கிற்றாரை 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுசென்றுவிட்டது. அங்கிள் என்றே எல்லோரும் அவரை அழைப்பர். கேள்வியைக் கேட்டதும் அவர் பதில் சொல்லாமல் வானொலியைப் போட்டார். பாட்டுக்கு நான் எந்தக் கையாலே தாளம் தட்டுகின்றேன் என்று பார்த்தார். இடக்கை. "தாளம் எந்தக் கையில இருக்கோ அந்தக் கைதான் மீட்டவேணும் மகள். மற்றக் கை பழகிக்கொள்ளும்" என்றார். இது விஞ்ஞானமோ அனுபவமோ அறியேன். எனக்குப் போதுமானதாயிருந்தது.

அதன்பின் அவர் விளக்கியவை முற்றிலும் தச்சருக்குரியவை. உருக்கு நரம்புக் கிற்றாரை இடக்கைக்கு மாற்றுவது எளிதன்று. அதன் குதிரையிலே நரம்புகள் தங்கும் எலும்புச் சட்டம் சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். தடித்த நரம்பிற்குச் சற்றுக் கூடிய நீளம் வேண்டும் என்பதே காரணம். நரம்புகளை இடம்மாற்றிக் கட்டினால் அச்சாய்வு எதிர்மாறாகி, மேல்மெட்டுகளிற் சுரம் பிசகும். முகப்புப் பலகையின் உட்புறத்துத் தாங்குசட்டங்களும் இருபுறமும் ஒரே சீராக அமைந்திருப்பதில்லை. சாஸ்திரியக் கிற்றாரிலோ அச்சட்டம் நேரானது. உட்சட்டங்களும் தொரெஸ் காட்டிய வழியில் விசிறிபோல் இருபுறமும் ஏறத்தாழ ஒத்து விரிவன. எனவே கழுத்தின் தலைப்பிலுள்ள சிறிய எலும்புத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். அதில் வெட்டப்பட்டுள்ள ஆறு பள்ளங்களும் ஆறு நரம்பின் பருமனுக்கு ஏற்றவை. மெல்லிய நரம்பு அகன்ற பள்ளத்தில் இருந்தால் கறகறக்கும், தடித்த நரம்பு ஒடுங்கிய பள்ளத்தில் இறங்காது. "நைலோன் கிற்றார் ஒண்டு வாங்கிக்கொண்டு வா. எலும்பை நான் அராவித் தாறன்" என்றார்.

மகாபொலப் பணத்தின் மிச்சமும் மாலை வகுப்புகளிற் பிள்ளைகளுக்குக் கற்பித்த வருவாயும் சேர்ந்தபோது, பட்டம் பெற்று வெளியேறும் அக்கா ஒருவரின் பழைய சாஸ்திரியக் கிற்றார் விலைக்கு வந்தது. மாதவியின் நான்கு உறுப்புகளையும் மனத்திற் கொண்டு அதைச் சோதித்தேன்.

முதலிற் பத்தர், அதாவது உடல். முகப்பு ஒட்டுப்பலகையாலானது. தனிப்பலகையாயின் நாதம் சிறக்கும், விலையும் உயரும், கண்டியின் ஈரத்துக்கும் மட்டக்களப்பின் கச்சான் காற்றுக்கும் இடையே அலைவதற்கு ஒட்டுப்பலகையே தாங்கும். வெடிப்பு உண்டா, குதிரை பலகையை விட்டுப் பெயர்கின்றதா என்று விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாவது கோடு, அதாவது கழுத்து. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நோக்கினால் வளைவு தெரிந்துவிடும். பன்னிரண்டாவது மெட்டு நரம்பின் நீளத்திற் சரிபாதியில், 325 மில்லிமீற்றரில் நிற்கவேண்டும். அவ்விடத்தில் நரம்பை மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியும் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒரே சுரமாக இருத்தல் வேண்டும். அங்கே நரம்பு மெட்டிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தால் விரல் நோகும்; பழகுபவர் ஒரு மாதத்தில் வெறுத்துவிடுவர். மூன்றாவது ஆணி. ஆறு பிரடைகளும் வழுக்காமல், இறுகாமல் திரும்பின. நான்காவது நரம்பு. அது பழையது, எப்படியும் மாற்றப்பட வேண்டியது. ஒவ்வொரு நரம்பையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, எங்காவது அதிர்ந்து இரைகின்றதா என்று செவிமடுத்தேன். ஓரிடத்தில் இரைந்தது. அக்கா விலையிற் சிறிது குறைத்தார்.

அங்கிள் தாம் சொன்னபடியே செய்தார். மாட்டெலும்புத் துண்டொன்றை இரண்டு மாலைப்பொழுது அராவி, பள்ளங்களை எதிர்மாறாக வெட்டிப் பொருத்தினார். கூலி வாங்கவில்லை. நரம்புகளை அவர் முறுக்கியபோது நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வலக்கையால்.

இத்தெரிவினால் நட்டமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மரத்தடி வட்டத்திலே கிற்றார் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது எனக்கு வருவதை நான் வாசிக்க இயலாது. என்னுடையதைப் பிறர் வாசிக்க இயலாது. கற்பிக்கும் நூல்களிலுள்ள படங்களைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோல் மாற்றிப் படிக்கவேண்டியிருக்கின்றது. வலக்கை விரல்கள் மெட்டிலே இன்னும் தடுமாறுகின்றன. பிறர் மூன்று மாதத்திற் கற்பதை நான் ஆறு மாதத்திற் கற்றேன். எழுதுவதற்கு வலக்கையையே இன்றும் பயன்படுத்துகின்றேன். இக்கட்டுரையும் அக்கையால் எழுதப்பட்டதே. கழிந்துபோன எல்லாவற்றையும் ஒரு கிற்றார் மீட்டுத்தந்துவிடாது. ஆயினும் தாளம் மட்டும் முதல்நாளிலிருந்தே பிசகவில்லை.

முதற் கிற்றாரைத் தேடும் நண்பர்கள் இப்போது என்னிடம் ஆலோசனை கேட்கின்றனர். நரம்பின் உயரத்தைப் பாருங்கள், பளபளப்பைப் பாராதீர்கள், தனியே செல்லாமல் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்கின்றேன். அதற்கு முன்னர் உங்கள் கை எது என்று நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்கின்றேன். சிலர் சிரிக்கின்றனர். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தன் இடக்கையை மெல்ல மேசைக்கு அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தாள்.

சென்ற விடுமுறையில் அம்மம்மாவுக்கு மூன்று சுரக்கட்டுகளை மாத்திரம் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன். எனக்குத் தெரிந்தவை அவ்வளவே. "இது என்ன பாட்டு?" என்று கேட்டார். இன்னும் பாட்டாகவில்லை என்றேன். அவர் சோறு உண்டுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் தட்டைச் சுற்றி ஒரு பருக்கைகூடச் சிந்தியிருக்கவில்லை.